பேத்துப்பாறைக் கடல்

வெள்ளிக்கிழமைதோறும் வெள்ளனே பேத்துப்பாறைக்குக் கடல் வந்துவிடும். கிபாயத்துல்லாவின் மினி லாரியில், கறுப்புத் தொட்டிக்குள் அடைபட்டு, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இரவெல்லாம் ஓடி, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மூடி வழியாகக் கொஞ்சம் சிந்தி, மிச்சம் வந்து சேரும். சிந்திய இடத்து உப்பை நக்கக் காட்டுமாடுகள் வந்து நிற்பதாக பஸ் டிரைவர்கள் அவரைத் திட்டினார்கள். சோதனைச் சாவடியில் ஆரம்பத்தில் வாராவாரம் ஒரு பஞ்சாயத்து.

"பிளாஸ்டிக் பாட்டில் இருக்கா?"

"இல்லைங்க."

"பின்ன என்ன லோடு?"

"கடலுங்க."

"ஏலே, காலங்காத்தால ஆள் பாத்துப் பேசு."

"வெரல விட்டு வாயில வெச்சுப் பாருங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

காவலர் வைத்துப் பார்த்தார். துப்பினார். வண்டியை விட்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. கடல் வருது, கேட்டைத் தூக்கு என்பதோடு சரி.

கடலை மலைக்கு வரவழைத்தவர் பேராசிரியர் தண்டாயுதபாணி. கடலோரத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போது சிப்பிகளுக்குள் எந்தெந்த மரபணு விழிக்கிறது, எது அடங்குகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. அவர் கொடைக்கானலில் வீடு கட்டிய வருடமும், இந்த ஆராய்ச்சியை மலையில் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றிய வருடமும் ஒன்றே. மலைக்குளிரில் தண்ணீரைக் குளிர வைக்கும் கரண்டுச் செலவு மிச்சம் என்று மேலிடத்துக்கு எழுதினார். லாரிச் செலவைப் பற்றி மேலிடம் கேட்கவில்லை. பேத்துப்பாறையில், ஒரு காலத்தில் மலைப்பூண்டு காயப்போட்ட கொட்டகை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. கொட்டகையை விடப் பெரிய பலகை ஒன்று அதன் நெற்றியில் ஏறியது: உயர்மலைக் கடலியல் ஆய்வு நிலையம். உள்ளே நுழைந்தால் கடலும் பூண்டும் சேர்ந்து ஏதோ ஒரு குழம்பு கொதிப்பது போல மணக்கும்.

நிலையத்தின் ஊழியர் சண்முகசுந்தரி. அவளுடைய மகள் ஸ்வேதா பேராசிரியரிடம் பிஎச்.டி. செய்கிறாள். கீழே பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை மேலே வந்து, சிப்பிகளின் செவுளில் துணுக்கு வெட்டி ஐஸில் வைத்து எடுத்துப் போவாள். மற்ற நாட்களில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று பேராசிரியர் சொன்னபோது, ஸ்வேதா அம்மாவைச் சொன்னாள். வேறு யாரையாவது சொல்லியிருக்கலாம்.

வேலை கஷ்டமில்லை. இடப்பக்கத் தொட்டிகளுக்கு மோட்டார் காற்றை ஊதும். வலப்பக்கத் தொட்டிகளுக்கு சிலிண்டரிலிருந்து நைட்ரஜன் போகும். அது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் துரத்திவிடும். சிப்பிகள் வலைப்பைகளில் தொங்கின. கடல் வரும் நாளில் பைகளை வெளியே எடுத்து, தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, பைகளைத் திரும்ப இறக்க வேண்டும். முதல் நாள் ஸ்வேதாதான் விளக்கினாள்.

"இந்தப் பக்கம் நல்ல மூச்சு. அந்தப் பக்கம் மூச்சு முட்டும்."

"செத்துராதா?"

"வெரசா சாகாதும்மா. வாய இறுக்கி மூடிக்கிரும். உள்ளுக்குள்ள செலவக் கொறச்சுக்கிட்டு அசையாமக் கெடக்கும். எப்படிக் கொறைக்கிது, எந்த மரபணு அதுக்கு உத்தரவு போடுதுன்னுதான் பாக்குறோம்."

"சரி, கெடக்கட்டும்" என்றாள் சுந்தரி.

பேத்துப்பாறைக்கு வருமுன் அவள் பெரும்பாறையில் காப்பித் தோட்டத்துக் கங்காணி. அவளுக்குக் கீழே பெண்கள் கூட்டம் ஒன்று பழம் எடுத்தது. தோட்டத்தில் ஒரு பாதி சமதளம். ஆரஞ்சு மர நிழலில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டே பறிக்கலாம். மறுபாதி செங்குத்துச் சரிவு, ஈரம், அட்டை. இந்த வாரம் சரிவுக்குப் போன கூட்டம் அடுத்த வாரம் சமதளத்துக்கு வரும். முறை மாற்றுவது என்று பெயர். சரிவில் கை பழகியவர்களை அங்கேயே விடு, பழம் அதிகம் வரும் என்று முதலாளி ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அவள் தலையாட்டிவிட்டு மறுவாரமும் முறை மாற்றினாள். பத்து ஊர்ப் பெண்கள் அவளை நம்பியதற்கு அது ஒன்றே காரணம்.

ஆகவே இரண்டாவது கடல் வந்தபோது, பைகளை வெளியே எடுத்த சுந்தரி சற்று நின்றாள். வலப்பக்கத்துச் சிப்பிகள் பல்லைக் கடித்தது போல மூடிக் கிடந்தன. இடப்பக்கத்தவை ஒரு நகக்கண் அளவுக்குத் திறந்து, சொகுசாக இருந்தன. அவள் பைகளை இறக்கினாள். வலதை இடப்பக்கமும் இடதை வலப்பக்கமும். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தாள். மூச்சுமுட்டிக் கிடந்தவை மெல்ல வாய் திறந்திருந்தன. அவளுக்கு அன்று மதியச் சோறு நன்றாக இறங்கியது.

அதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்று இல்லை. முறை மாற்றுவதைப் போய் யாராவது சொல்வார்களா?

வெட்டி அனுப்பிய துணுக்குகளின் ரிசல்ட் பெங்களூர் ஆய்வகத்திலிருந்து வந்தபோது ஸ்வேதா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூச்சுமுட்டும் தொட்டியில் விழித்திருக்க வேண்டிய மரபணுக்கள் நல்ல தொட்டியிலும் பாதி விழித்திருந்தன. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அடுத்த மாதமும் அதே. அவள் இளைத்துப்போனாள். போனில் பேசும்போது பாதியில் நிறுத்திவிட்டு எதையோ யோசித்தாள். பேராசிரியரும் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் தன் வீட்டு மாடியில் பனி விலகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு உண்மை புலப்பட்டது. மலைக்காற்று மெலிந்தது. மெலிந்த காற்று நல்ல தொட்டிச் சிப்பியையும் எச்சரித்துவிட்டது. அதாவது மலையே ஒரு மாபெரும் ஆய்வுக்கூடம். இதை உலகில் எவரும் கண்டதில்லை.

உண்மையிலேயே எவரும் கண்டதில்லை.

"மெலிஞ்ச காத்தா இருந்தாலும் அளவு பாத்தா நல்ல தொட்டில ஆக்சிஜன் போதுமான அளவுக்கு இருக்கு சார்" என்றாள் ஸ்வேதா.

"அளவுகோலைக் கடந்து சிந்தி, பெண்ணே" என்றார் பேராசிரியர்.

அதன்பின் காரியங்கள் தடதடவென்று நடந்தன. கொட்டகை நிரந்தர மையம் ஆகப்போகிறது என்றார்கள். சுந்தரிக்கு நிரந்தர வேலை என்றார்கள். ஸ்வேதாவின் ஆய்வேட்டை வைகாசிக்குள் கொடுத்துவிடலாம் என்றார்கள். தைப்பூசம் கழிந்த வாரத்தில் அடிக்கல் நாட்டு விழா. பெரிய மனிதர்கள் பழனியில் தரிசனத்தை முடித்துவிட்டு அப்படியே மேலே வர வசதியாக அந்தத் தேதி. ஸ்வேதா மேடையில் பேச வேண்டும்.

விழாவுக்கு முந்தின சாயங்காலம் தூறல் விட்டபாடில்லை. சுந்தரி அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவர் கந்தவேல் பட்டர் ஃப்ரூட் பறிக்கப் போய்வந்த உடம்பை அடுப்புக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஸ்வேதா நின்றும் நடந்தும் பேச்சை ஒப்பித்துப் பார்த்தாள்.

"...நல்ல ஆக்சிஜன் உள்ள தொட்டியில் இருந்த சிப்பிகள் ஒருநாளும் குறை ஆக்சிஜனை அனுபவித்ததில்லை. ஆயினும்..."

"அனுபவிக்காம?" என்றாள் சுந்தரி, கத்தியை நிறுத்தாமல்.

"என்னம்மா?"

"வாராவாரம் அனுபவிக்கிதே. முறை மாத்தித்தான போடுறேன்."

ஸ்வேதா நடந்துகொண்டிருந்த இடத்திலேயே நின்றாள்.

"என்ன மாத்திப் போடுற?"

"பைய. இந்த வாரம் முட்டுனது அடுத்த வாரம் நல்ல தண்ணிக்கு வரும். நல்லதுல கெடந்தது அங்கிட்டுப் போகும். ஒருத்தனே எத்தன நாளைக்கு மூச்சடக்கிக் கெடப்பான்?"

"எப்ப இருந்து?"

"ஆரம்பத்துல இருந்துதான்."

"வாராவாரமா? ஒரு வாரம் விடாம?"

"கார்த்திகைல அந்தப் பேய்மழைக்கு ஒருதரம் மாத்தல. பெறகு ஒருதரம் இவருக்குக் காச்சல்னு வெரசா வந்துட்டேன், அப்ப மாத்துனேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. ஏன், என்னாச்சு?"

ஸ்வேதா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கையிலிருந்த தாள்களைச் சேர்த்துத் தட்டினாள், கலைத்தாள், மறுபடி சேர்த்துத் தட்டினாள்.

"ஏத்தா, என்ன சொல்லு" என்றார் கந்தவேல்.

"எந்தச் சிப்பி எங்க கெடந்துச்சுன்னு இப்ப யாருக்கும் தெரியாதுப்பா. ரெண்டு வருசம் பண்ணுனது ஒண்ணுமே இல்ல."

"உங்க சாரு என்னமோ மலைக்காத்துன்னாரு?"

"மலைக்காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. அம்மா."

கந்தவேலுக்குச் சிரிப்பு முட்டியது. மகளின் முகத்தைப் பார்த்து அதை இருமலாக்கினார். "அப்ப நாளைக்குக் கல்லு நடுறது உங்கம்மாவுக்கா?"

"நீங்க செத்த சும்மா இருங்க" என்றாள் சுந்தரி. மகள் பக்கம் நகர்ந்தாள். "நான் கெடுத்துட்டேனா?"

"நீ கெடுக்கல. பையில அடையாளம் கட்டாம தொட்டியில மட்டும் பேர் எழுதுனேன் பாரு, நாந்தான்."

"மாத்தக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"மாத்துவன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"மாத்தாம விடுவேன்னு நீ எப்படி நெனச்ச?"

பீன்ஸ் அப்படியே கிடந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பூண்டு ரசமும் பழைய கருவாடும்தான். ஸ்வேதா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"சொல்லாம விட்டா யாருக்கும் தெரியாதுல்ல?" என்றார் கந்தவேல்.

"தெரியாது."

"அப்பறம் என்ன?"

"அந்தக் கடலோரத்துல ஆலைத் தண்ணிய விடலாமா வேணாமான்னு கேக்குறவங்க நாளைக்கு இதத்தான்ப்பா எடுத்துப் படிப்பாங்க. ஆலைத் தண்ணி ஆக்சிஜனக் கொறைக்கும். நல்ல தொட்டி, முட்டுற தொட்டி ரெண்டும் ஒண்ணுதான், சிப்பி சமாளிச்சுக்கிரும், ஒண்ணும் ஆகாதுன்னு இதுல போட்டிருக்கு."

கந்தவேல் ரசத்தைக் குடித்துவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

காலையில் மழை விட்டிருந்தது. ஸ்வேதா எழுந்திருக்குமுன் சுந்தரி கொட்டகைக்குப் போனாள். பேராசிரியர் அங்கே இருந்தார். அடிக்கல் பளபளவென்று ஒரு துணிக்குப் பின்னால் நின்றது. துணி ஒரே இழுப்பில் விழ வேண்டும் என்பதற்காக அவர் அதை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டது. திரும்பவும் போர்த்தி இழுத்தார்.

"சார், ஒரு விசயம்."

"சொல்லுங்கம்மா. இன்று நல்ல நாள்."

அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல், அடுப்படியில் மகளிடம் சொன்னது போலவே சொன்னாள். பேராசிரியரின் கை துணியிலேயே இருந்தது. முகத்தில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பல தண்டாயுதபாணிகள் வந்துபோனார்கள். ஒருவர் விஞ்ஞானி, அவர் உடனே புரிந்துகொண்டார், கண்ணை மூடினார். அவர் இருந்தது கொஞ்ச நேரம்தான்.

"அம்மா" என்றார் கடைசியில் வந்தவர். "நீங்கள் பைகளைக் கழுவும்போது சற்றுக் கலந்திருக்கலாம். அது இயல்பு."

"கலக்கல சார். மாத்துனேன்."

"கலந்திருக்கலாம்."

"மாத்துனேனுங்க."

"கல்லில் பெயர் செதுக்கியாகிவிட்டது, தெரியுமா? துணைவேந்தர் பழனியிலிருந்து புறப்பட்டுவிட்டார். உங்கள் பணி ஆணை என் பையில் இருக்கிறது. நீங்கள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. சரிதானே? அந்த முனையைக் கொஞ்சம் பிடியுங்கள்."

சுந்தரி துணியின் முனையைப் பிடித்தாள். அவர் இழுத்தார். இந்த முறை வழுக்கிக்கொண்டு விழுந்தது.

விழாப் பந்தலில் துணைவேந்தர் நடுநாயகமாக இருந்தார். பழனியில் எடுத்த மொட்டை, அதில் பூசிய சந்தனம், அதன்மேல் குளிருக்காகக் குரங்குக் குல்லா. குல்லாவின் ஓரத்தில் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது. பக்கத்தில் கடலோர மீன் ஆய்வகத்திலிருந்து வந்திருந்த பர்சானா. ஸ்வேதாவின் ஆய்வேட்டைப் படித்து மதிப்பிடப் போகிறவர் அவர். இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் கந்தவேலும் கிபாயத்துல்லாவும் உட்கார, சுந்தரி தூணோரம் நின்றாள்.

பேராசிரியர் நெடுநேரம் பேசினார். மலை கடலை அழைத்தது என்றார். கடல் வந்தது என்றார்.

"அழைச்சது இவரு, வந்தது நானு. நடுவுல டீசல் போட்டது யாருன்னு சொல்லச் சொல்லுங்க மச்சான்" என்றார் கிபாயத்துல்லா, காதோடு காதாக.

பிறகு ஸ்வேதா எழுந்தாள். முந்தின நாள் தாள்கள் அவள் கையில் இல்லை.

"எங்க முடிவுகள் தப்பு" என்றாள். "சிப்பிகளை நான் தொட்டியில பேர் எழுதி வெச்சேன், பையில அடையாளம் கட்டல. அதனால ரெண்டு பக்கத்துச் சிப்பியும் வாராவாரம் இடம் மாறியிருக்கு. எது எங்க இருந்துச்சுன்னு இப்ப சொல்ல முடியாது. மலைக்காத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆக்சிஜன் கொறஞ்சா சிப்பி தாங்கிக்கும்னு இத வெச்சு யாரும் சொல்லக் கூடாது. தப்பு என்னுது."

பேராசிரியரின் வாய் ஒரு நகக்கண் அளவுக்குத் திறந்திருந்தது. துணைவேந்தருக்கு மலையேறியதில் காது அடைத்திருந்தது. பெண் பேசி நிறுத்திவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. அவர் கை தட்டினார். அவர் தட்டியதும் முன்வரிசை தட்டியது. முன்வரிசை தட்டியதும் பந்தல் முழுக்கத் தட்டியது.

பேராசிரியர் எழுந்தார். மைக்கைப் பிடித்தார். "இந்த நேர்மை" என்றார், குரல் தழுதழுக்க, "இந்த நேர்மைதான் எங்கள் மையத்தின் முதல் கண்டுபிடிப்பு." ஸ்வேதாவுக்கு ஒரு சால்வை போர்த்தினார். அடுத்ததாகத் தனக்கென்று வாங்கி வைத்திருந்த சால்வையை யாராவது போர்த்துவார்களா என்று சுற்றிலும் பார்த்தார். துணைவேந்தர் போர்த்தினார். துணி ஒரே இழுப்பில் விழுந்தது. கல் நடப்பட்டது.

பர்சானா மட்டும் கை தட்டவில்லை. கேசரி கொடுக்கும் இடத்தில் ஸ்வேதாவைத் தேடி வந்தார்.

"நீ சொன்னது அவருக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

ஸ்வேதா தோளிலிருந்த சால்வையை எடுத்து மடித்தாள். பர்சானா அந்தச் சால்வையைப் பார்த்தார்.

"மறுபடி பண்ணுவியா?"

"ரெண்டு வருசம் போச்சுங்க மேடம்."

"போனது போச்சு. ஒரு வருசம் கூடக் கேளு, நான் சொல்றேன். ஆனா மொதல்ல இருந்து. பழசுல ஒரு வரிகூட எடுக்கக் கூடாது." கேசரியைக் கீழே வைத்தார். "இதுல ஏன் பூண்டு வாடை அடிக்கிது?"

புதுச் சிப்பிகள் அடுத்த வெள்ளிக்கிழமைக் கடலோடு வந்தன. ஸ்வேதா இந்த முறை கீழே போகவில்லை. தானே ஒவ்வொரு பையிலும் வண்ணக் கயிறு கட்டினாள், சிவப்பும் பச்சையும். தொட்டிகள் நிரம்பின. சுந்தரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிவப்புக் கயிற்றுப் பையை வலப்பக்கம் இறக்கினாள்.

"இனி இது இங்கதாம்மா. கடேசி வரைக்கும்."

"கடேசின்னா?"

"கடேசின்னா கடேசி. பாதிக்கு மேல நான் வெட்டி எடுத்துருவேன். மிச்சத்துல சிலது செத்துரும்."

"நடுவுல ஒரு வாரம்கூட..."

"ஒரு நாள்கூட இல்ல."

சுந்தரி பைக் கயிற்றைக் கொக்கியில் மாட்டினாள். கையைத் துடைத்தாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள்.

"அப்ப எனக்கு இந்தச் சோலி வேணாம்த்தா."

"என்னம்மா பேசுற? ஆர்டரே குடுத்துட்டாரு."

"அவரு குடுத்தாரு. நான் திருப்பிக் குடுத்துர்றேன்."

"அன்னிக்கு நடந்ததுக்குக் கோவமா?"

"உம்மேல எனக்கென்ன கோவம்? அன்னிக்குத் தெரியாம செஞ்சேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனி ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பையத் தூக்குறப்ப எங்கையி அந்தப் பக்கம்தான் போகும். போகாம இழுத்துப் பிடிக்க என்னால ஏலாது. பிடிச்சாலும் ஒருநா விட்டுருவேன். மறுபடி உன்னக் கெடுக்கணுமா?"

"சிப்பிம்மா அது. கொழம்பு வெச்சுக் குடுத்தா திம்ப."

"திம்பேன். கொழம்பு வெக்கிறது வேற. ஒருத்தனையே நிறுத்தி வெக்கிறது வேற."

ஸ்வேதாவுக்குக் கோபம் வந்தது. என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. கொட்டகைக்குள் அங்குமிங்கும் நடந்தாள். அம்மா வாசலில் நின்று சேலையைக் கீழே விட்டுச் சரிசெய்தாள். நிரந்தர வேலை என்பது அந்த வீட்டில் அதுவரை யாருக்கும் வாய்த்ததில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

அன்று இரவு கந்தவேல் முடிவு சொன்னார். "நான் பாக்குறேன். எனக்கு எரக்கமெல்லாம் அவ்வளவாக் கெடையாது. அந்தச் சிலிண்டரத் தூக்கவும் ஒரு ஆம்பள வேணும்ல."

பேராசிரியருக்கு ஆணையில் பெயரை மாற்றுவது பெரிய விஷயமாக இல்லை. அவர் இப்போது ஆராய்ச்சியில் நேர்மை என்ற தலைப்பில் ஊர் ஊராகப் பேசப் போய்க்கொண்டிருந்தார்.

சுந்தரி பூண்டுக் காட்டுக்குக் கூலிக்குப் போகத் தொடங்கினாள். விடியும் முன் ஜீப் வரும். பெண்கள் பின்னால் தொங்கிக்கொண்டு போவார்கள். முதல் வாரமே, வரப்புப் பக்கம் களை எடுப்பது யார், ஓடைப் பக்கம் எடுப்பது யார் என்று அவளைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கந்தவேலின் முதல் வெள்ளிக்கிழமை. கடல் வந்தது. ஸ்வேதா கூடவே நின்று பார்த்தாள். அவர் பைகளை எடுத்தார், கழுவினார், தண்ணீர் விட்டார், சிவப்பை வலப்பக்கமும் பச்சையை இடப்பக்கமும் இறக்கினார். ஒரு பிழை இல்லை. சிலிண்டரைத் திறந்தார். குமிழிகள் வந்தன. வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தார். காட்டுக்குப் போகாத நாள் என்பதால் சுந்தரி வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அவர் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"குடிங்க, ஆறுது" என்றாள் சுந்தரி.

"அதுக வாயத் தொறக்கவே மாட்டேங்குதுக" என்றார்.

"செவப்புல தொறக்காதுப்பா" என்றாள் ஸ்வேதா. "அப்படித்தான் இருக்கணும்."

அவர் வெளியே பார்த்தார். பிறகு காப்பியைப் பார்த்தார். சுந்தரி அடுப்பு விறகை உள்ளே தள்ளிவிட்டாள்.

"அடுத்த வாரமும் அதே ஆளுகதானா?" என்றார் கந்தவேல்.